வேதத்தைத் தொட்டுச் சொன்னீர்கள்

இன்று காலையில் என் முதல் இன்சுலின் ஊசியை நானே வயிற்றில் போட்டுக்கொண்டேன். ஊசிப் பேனாவின் முனையில் ஒரு துளி மருந்து கசிந்தது. பினாயிலும் பிளாஸ்திரியும் கலந்தாற்போன்ற அந்த வாடை, கடைசி மூன்று வருடம் உங்கள் விரல்களில் இருந்தது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டேன்.

உங்களுக்குச் சர்க்கரை வந்தபோது நாற்பத்திரண்டு வயது. நீங்கள் வேலை பார்த்த தேஹு ரோடு ராணுவ டிப்போவில் உங்களைவிட ஒல்லியான ஆள் கிடையாது. மாத்திரை தந்தார்கள், நடக்கச் சொன்னார்கள், இனிப்பை விடச் சொன்னார்கள். எல்லாம் செய்தீர்கள். முதல் வருடம் அடங்கிய சர்க்கரை பிறகு ஏறிக்கொண்டே போனது. நீங்கள் இளைத்துக்கொண்டே போனீர்கள்.

"என்ன தின்னீங்க? உள்ளதச் சொல்லுங்க."

"ஒண்ணும் திங்கலட்டி."

ஒருநாள் சட்டைப் பையில் கடலை மிட்டாய் சுற்றிய காகிதம் கிடைத்தது. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் எல்லோருக்கும் கொடுத்தார், என் பங்கைப் பக்கத்து மேசைக்காரர் தின்றார், காகிதம் என்னிடம் தங்கிவிட்டது என்றீர்கள். நான் பைபிளை எடுத்து வந்து உங்கள் முன்னால் வைத்தேன். "தொட்டுச் சொல்லுங்க." நம் மகள் பார்த்துக்கொண்டு நின்றாள். தொட்டுச் சொன்னீர்கள். அப்போதும் நான் நம்பவில்லை.

வேலையிடத்தில் மயங்கி விழுந்த பிறகுதான் நகரத்துக்குள் அந்த டாக்டரம்மாவிடம் போனோம். அதுவரை யாரும் எடுக்காத ஒரு ரத்தச் சோதனையை எடுத்தார். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு அணுக்களே இன்சுலின் சுரக்கும் அணுக்களை எதிரி என்று நினைத்து, வருடக்கணக்காக மெல்ல அழித்துவந்திருக்கின்றன என்றார். சுரக்கவே ஆளில்லாதபோது மாத்திரை என்ன செய்யும்? "இவர் சாப்பிட்டதால் வந்தது இல்லை" என்று என்னைப் பார்த்து இந்தியில் சொன்னார்.

வீடு திரும்பும் வழியில் ஷேர் ஆட்டோ நிக்டியைத் தாண்டியது. பிறகு கேட்டீர்கள்: "அப்போ நான் பொய் சொல்லலைல்லா?"

கோபமாகக் கேட்கவில்லை. நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வீட்டில் பருப்பை அடுப்பில் வைத்தேன். பேசவில்லை. ஊசி போட ஆரம்பித்ததும் கொஞ்சம் சதை பிடித்தீர்கள். ஆனால் சிறுநீரகங்கள் அதற்கு முன்பே தளர்ந்திருந்தன; மூன்றே வருடத்தில் போய்விட்டீர்கள்.

என் சர்க்கரை வேறு வகை. என் வயிற்றுக் கொழுப்பில் அதே எதிர்ப்பு அணுக்கள் கூடி ஓயாமல் அழற்சியை மூட்டுகின்றனவாம். இன்சுலின் சுரந்தும் உடம்பு அதற்குச் செவிகொடுப்பதில்லை. சுரந்து சுரந்து இப்போது அந்தச் சுரப்பும் ஓய்ந்துவிட்டது. காலையில் உங்களைத் திட்டிவிட்டு, மதியம் ஸ்டாஃப் ரூமில் எண்ணெய் ஒழுகும் வடாபாவ் தின்றவள் நான்.

நேற்று டாக்டரம்மாவின் அறைக்கு வெளியே ஒரு மராத்திப் பெண், மெலிந்துபோன தன் கணவரை எல்லோர் முன்னிலும் கடிந்துகொண்டிருந்தாள். திருட்டுத்தனமாகத் தின்கிறார், கேட்டால் பொய் சொல்கிறார் என்றாள். நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் சொல்வதை நம்புங்கள், வேறு ஏதாவது சோதனை வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள் என்று எனக்கு வந்த மராத்தியில் சொன்னேன். உங்களுக்கு என்ன தெரியும் என்றாள். தெரியும் என்றேன். அந்த மனிதர் தலையைத் தூக்கவேயில்லை.

இப்படி எத்தனை பேரிடம் சொல்லிவிட்டேன் என்று நினைவில்லை. சொல்லச் சொல்லச் சலிப்புத்தான் மிஞ்சுகிறது. நம்புகிறேன் என்று உங்களிடம் ஒரு தடவை சொல்லியிருந்தாலே போதுமாக இருந்திருக்கும்.