ஆவணியில் பிறப்பான் என்று சொன்னேன்

அக்கா,

நேற்று வாலாஜாபாத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். ஐயம்பேட்டையில் ஒரு பெண் கைக்குழந்தையோடு ஏறினாள். நிற்கவே இடமில்லை. அத்தனை பேரில் நான்தான் பெரிய மனிதன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது பார், நேராக என்னிடம் வந்து, "அண்ணே, புள்ளயக் கொஞ்சம் புடிங்க" என்று மடியில் வைத்துவிட்டாள். குழந்தையின் தலையிலிருந்து வசம்பும் விளக்கெண்ணெயும் கலந்த வாசனை வந்தது. என் கை என்னைக் கேட்காமலே அதன் வலது காதை மடித்துப் பின்னால் பார்த்தது.

"என்னாண்ணே பாக்கறீங்க?"

"எறும்பு ஓடுச்சும்மா" என்றேன்.

எறும்பும் இல்லை, ஒன்றும் இல்லை. இந்த வயதிலும் பொய் எனக்கு வெற்றிலை போடுகிற மாதிரி வருகிறது.

வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன். நீ கண்ணை மூடி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. எட்டாவது வரை படித்தவன் என்றும், நான் பள்ளிக்கூடத்தை விட்ட அன்று வாத்தியார் கண்ணீர் விட்டார் என்றும் ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஐந்தாவதோடு துரத்தினார்கள் என்பது உனக்குத்தான் தெரியும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நான் எதைச் சொன்னாலும் நீ பாதியைத் தள்ளிவிட்டுத்தான் கேட்பாய். "உன் பேச்சுல நூலை விட ஜரிகை ஜாஸ்திடா" என்பாய். நான் நெய்த புடவையை ஒரு வெளிநாட்டு மகாராணி கட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டாள் என்றேன். "படத்துல மொந்தானியத் திருப்பிப் போட்டிருந்தாளா, பிசிறு தெரிஞ்சிருக்குமே?" என்றாய். சந்திரனில் ஆள் இறங்கினபோது தெருவையே கூட்டிவைத்து, அங்கே மண் எப்படி, குளிர் எப்படி என்று விளக்கினேன். தறியைவிட்டு எழுந்திருக்காமலே, "நீ எப்போடா போய்ட்டு வந்தே? சொல்லியிருந்தா புளிசாதம் கட்டிக் குடுத்திருப்பேனே" என்றாய். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். உன்னிடம் அடிபடுவதற்காகவே நான் அளந்துகொண்டிருந்தேனோ என்று இப்போது தோன்றுகிறது.

அந்த வருஷம் ஐப்பசியில், நூல் ஈரம் வாங்கி ஒரு தறியும் ஓடாத மழை வாரத்தில், உன் பிள்ளை தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். இருபத்திரண்டு வயது. மாமா காலமான பிறகு உனக்கு மிஞ்சியது அவன் ஒருவன். பேச்சுக் குறைவு. சாப்பிட்டு எழும்போது கடைசிக் கவளத்தை வாசல் நாய்க்கு வைப்பான். ஏன் அப்படிச் செய்தான் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. தெருவில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அவற்றில் இரண்டு நான் கட்டியவை. 'தெரியாது' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அக்கா. மன்னித்துக்கொள்.

காரியம் செய்துவைக்கிற பெரியவர் வாசற்படி ஏறவில்லை. மழையில் குடையோடு நின்றபடியே சொன்னார். "இப்படிப் போனவங்களுக்குக் கருமாதி கெடையாதும்மா. அறுபதுன்னு எழுதியிருந்தா அறுபது முடியற வரைக்கும் அலைஞ்சிக்கினுதான் இருக்கும்."

நீ அழவில்லை. மனசுக்குள் கழித்துப் பார்த்தாய். "முப்பத்தெட்டு வருஷம். இருட்டுன்னா பயப்படுவானேடா அவன்" என்றாய். அன்றிலிருந்து கொல்லைக் கதவைச் சாத்த விடவில்லை. ஒரு தட்டில் சோறு போட்டு அங்கே வைத்தாய். நீ சாப்பிடவில்லை. பத்தாம் நாள் நான் வந்தபோது முறத்தில் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாய். கல்லைப் பொறுக்கிக்கொண்டே, குழம்புக்கு என்ன காய் என்று சொல்வதுபோல, "நானும் போய்ட்டா அவனுக்குத் தொணையா இருக்கும்" என்றாய்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. வாய் மட்டும் ஓடியது. "அந்தாளுக்கு என்னா தெரியும்? ஏனாத்தூருக்கு அந்தாண்ட ஒரு பிட்சு இருக்காரு. என்னைக் கேக்காம தண்ணிகூடக் குடிக்க மாட்டாரு. செத்தவங்க எங்க போறாங்கன்னு புட்டுப்புட்டு வைப்பாரு. போய்க் கேட்டுக்கினு வர்றேன், அதுவரைக்கும் நீ எதுவும் பண்ணக்கூடாது" என்றேன். எதிர்வீட்டுப் பெண்ணை உன் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு ஓடினேன்.

உண்மையில் அவரை ஒரே ஒரு தடவை டீக்கடையில் பார்த்திருந்தேன். அந்தப் பக்கத்துச் சேரியில் சில குடும்பங்கள் புத்த மார்க்கத்துக்கு மாறியிருந்தன. அவர்கள் போட்டுக் கொடுத்த கீற்றுக் கொட்டகையில் இருந்தார். இலங்கையில் பல வருஷம் இருந்த தமிழர். நம் தெருக்காரர்கள் அங்கே தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். நான் வயல் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

போனவன் உடனே விஷயத்தைச் சொன்னேனா? நம் கொல்லையில் கிணறு வெட்டும்போது புத்தர் தலை கிடைத்தது என்று ஆரம்பித்தேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும், "யாருக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டார். அப்புறம்தான் சொன்னேன்.

"அவன் எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொல்கிறவரை நம்பாதீர்கள்" என்றார். "கலங்கிய மனசோடு போனான். அது நல்லதல்ல. அதற்குப் பலன் இருக்கும். ஆனால் அந்த ஒரு நேரம்தான் அவன் முழு வாழ்வு என்று யார் சொன்னது? இருபத்திரண்டு வருஷம் என்ன செய்தான்?"

நாய்க்குச் சோறு வைப்பான் என்றேன்.

"அதுவும் அவனோடு போகும். துன்பப்படுகிற பிறவி ஒன்று வாய்த்தாலும் அதற்கு முடிவு உண்டு. எதுவுமே நிலைத்து நிற்காது, அலைச்சல் மட்டும் நிற்குமா? அவன் பேரால் யாருக்காவது நல்லது செய்து, அந்தப் புண்ணியம் அவனுக்குச் சேரட்டும் என்று நினைக்கும்படி அவன் அம்மாவிடம் சொல்லுங்கள். பக்கத்திலேயே இருங்கள், தனியே விடாதீர்கள்."

அவ்வளவுதான். திரும்பி வரும் வழியெல்லாம் அதை மனசில் வைத்துப் புரட்டிப் பார்த்தேன். தெரியாது என்று ஆரம்பிக்கிற பதிலை எப்படி உன்னிடம் கொண்டுவருவது? நீ சாகத் துணிந்து உட்கார்ந்திருக்கிறாய். வெறும் நூலைக் கொண்டுபோய் உன்னிடம் நீட்டுவதா? வீட்டு வாசலை மிதிக்கும்போது ஜரிகை ஏறிவிட்டது.

"அக்கா, அவன் அலையவே இல்ல. அன்னிக்கே ஒரு வயித்துல போய்ச் சேர்ந்துட்டானாம். பிட்சு கண்ண மூடிப் பாத்துட்டுச் சொன்னாரு. ஆவணில பொறப்பான்."

பத்து மாதம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன். அதற்குள் நீ தேறிவிடுவாய், மறந்துவிடுவாய் என்று நினைத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நீ முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "எங்கடா?" என்று கேட்டாய். கேட்டால் என் வாய் நிற்குமா? "பாலாத்தங்கரை ஓரம், பயிர் வைக்கிறவங்க வீடு. ஆம்பளப் புள்ள. வலது காதுக்குப் பின்னால ஒரு மச்சம் இருக்கும்" என்றேன்.

நான் சொன்னதில் பாதியைத் தள்ளுகிறவள், அன்றைக்கு ஒரு சொல்லையும் தள்ளவில்லை. எழுந்துபோய் முகம் கழுவினாய். சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டாய். நான் உன்னைக் காப்பாற்றிவிட்டதாக மார் தட்டிக்கொண்டேன்.

ஆவணி வந்தது. நீ பாலாற்றங்கரை ஊர் ஊராகப் போனாய். என்ன சாக்குச் சொன்னாயோ, பிள்ளை பெற்ற வீடெல்லாம் ஏறி இறங்கினாய். மார்கழிக்குள் ஐயம்பேட்டையில் கண்டுபிடித்துவிட்டாய். ஆவணியில் பிறந்தவன். காதுக்குப் பின்னால் மச்சம். மச்சம் இல்லாத உடம்பு உலகத்தில் ஏது? ஆனால் நீ ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "இருக்குதுடா, நீ சொன்ன எடத்துலயே இருக்குது" என்று சொன்னபோது எனக்கே ஒரு நிமிஷம் நம்பிக்கை வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை தோறும் போனாய். துண்டுப் பட்டில் சட்டை தைத்துக்கொண்டு போனாய். முறுக்கு சுட்டுக்கொண்டு போனாய். அந்த வீட்டுப் பெண்ணும் ஆரம்பத்தில் சந்தோஷமாகத்தான் இருந்தாள். குழந்தைக்கு ஒன்றரை வயது ஆனபோது யாரோ அவளிடம் போட்டு உடைத்துவிட்டார்கள். அன்றைக்குப் பார்த்து நானும் உன்னோடு வந்திருந்தேன். வாசற்படியில் குறுக்கே நின்றாள். இடுப்பில் இருந்த குழந்தையின் வலது காதை உள்ளங்கையால் மூடிக்கொண்டிருந்தாள்.

"இனிமே வராதீங்கம்மா. உங்க புள்ளதான் எம்புள்ளன்னு சொல்றீங்களாமே. அவன் போன மாதிரி... நான் வாயால சொல்லக்கூட மாட்டேன். இவனுக்கு இருபத்திரண்டு ஆவற வரைக்கும் நான் தெனம் தெனம் பயந்துக்கினு இருக்கணுமா? நீங்களும் பெத்தவங்கதானே?"

நீ முறுக்கு டப்பாவைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாய். பஸ் நிற்கிற புளியமரத்தடிக்கு வந்தோம். அங்கேயாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அக்கா, இது அவன் இல்லபோல. மச்சம் இன்னும் கொஞ்சம் கீழ இருக்கணும்."

"வாய மூடு. அந்தப் பிட்சுகிட்ட என்னைக் கூட்டிக்கினு போ."

கொட்டகைக்குள் போய் நீ முதல் கேள்வி கேட்டதுமே எல்லாம் முடிந்துவிட்டது. "நான் அப்படிச் சொல்லவில்லையே அம்மா" என்றார். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்கு எனக்குச் சொன்னதையே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல், உனக்கும் சொன்னார்.

பிறகு கேட்டாய். "சரி சாமி. எங்கியோ பொறந்துட்டான்னே வச்சிக்குவோம். அது எம்புள்ளையா, வேறயா?"

"ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றினால், அது பழைய சுடர்தானா?" என்றார் அவர்.

"வெளக்கு வேணாம் சாமி, எனக்குத் தறிதான் தெரியும். தறியில பாவு, அதான் நீளவாக்குல ஓடற நூலு, தீந்துபோச்சுன்னா, பழைய பாவோட நுனியில புதுப் பாவைப் பிணைப்போம். கையில சாம்பல் தொட்டுக்கினு ஒவ்வொரு எழையாத் திரிக்கணும். பழசு இல்லாம புதுசு உள்ள போவாது. ஆனா புதுசுல நெய்யற பொடவ வேற பொடவதான். அப்படியா?"

பிட்சு அசந்துபோய்விட்டார். முப்பது வருஷமாக இந்த உவமைக்காகத்தான் காத்திருந்தேன் என்று சொன்னார். சரி, அப்படிச் சொல்லவில்லை. "அப்படித்தான் அம்மா" என்று மட்டும் சொன்னார்.

"அப்போ அந்தப் புள்ள அவங்க புள்ளதான். நான் அது காதத் தொட்டிருக்கக் கூடாது."

அவர் ஒரு செம்பும் கிண்ணமும் கொண்டுவந்தார். நீ அதற்கு முன்பு செய்திருந்த ஏதோ ஒரு நல்லதை நினைத்துக்கொண்டு, அது அவனுக்குச் சேரட்டும் என்று சொல்லித் தண்ணீரை வார்க்கச் சொன்னார். கிண்ணம் நிரம்பி வழியும்வரை வார்த்தாய். அப்போதுதான், இரண்டு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, முதல் தடவையாக அழுதாய். அந்தச் சேரிப் பெண் ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக் குடித்தாய். வீட்டுக்கு வந்து கொல்லைக் கதவைச் சாத்தினாய்.

என் பொய் ஒன்றரை வருஷம் உன்னை ஊர் ஊராக அலையவிட்டது. அவர் சொன்ன உண்மை ஒரு மத்தியானத்தில் உன்னைத் தூங்கவைத்தது. அந்த உண்மை அவ்வளவு நாளும் என்னிடம்தான் இருந்தது. பகட்டாக இல்லையே என்று நான் அதை உனக்குக் கொடுக்கவில்லை.

கொட்டகையிலிருந்து திரும்பும் வழியில் நீ என்னைத் திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாய். "போறதுக்கு மூணு நாள் முன்னால உன் வீட்டுக்கு வந்தானாமே. என்னா சொன்னான்? உள்ளத மட்டும் சொல்லு."

"ஒண்ணும் சொல்லலக்கா. சும்மா வந்துட்டுப் போனான்" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தாய். மேலே கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஏழு வருஷம் இருந்தாய். ஒருநாளும் என் பேச்சில் பாதியைத் தள்ளவில்லை. நான் வந்தால், "வாங்க தம்பி, உக்காருங்க" என்றாய். நான் மகாராணி கதையை மறுபடி எடுத்தால், "அப்படிங்களா" என்றாய். என்னை 'டேய்' என்று கூப்பிட இந்த உலகத்தில் இருந்த ஒரே ஆள் நீ.

உள்ளதை இப்போது சொல்கிறேன். அன்றைக்கு நான் புது டிரான்சிஸ்டர் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். சுற்றி ஏழெட்டுப் பேர். ஒரு பம்பாய் சேட்டு என் கைவேலையைப் பார்த்து மயங்கி அதைப் பரிசாகக் கொடுத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். உன் பிள்ளை வந்து என் பக்கத்தில் குந்தினான். "மாமா, எனக்கு என்னமோ" என்று ஆரம்பித்தான். "இருடா, இதக் கேளு" என்று அவன் தோளைத் தட்டிவிட்டு நான் சேட்டு கதைக்குத் திரும்பிப் போனேன். அவன் கதை முடியும்வரை கேட்டான். "நல்லாருக்குது மாமா" என்றான். எழுந்து போய்விட்டான்.

அந்த வாக்கியத்தை நான் எத்தனை விதமாக முடித்துப் பார்த்திருக்கிறேன் தெரியுமா? எனக்கு என்னமோ தூக்கமே வரல மாமா. எனக்கு என்னமோ பயமா இருக்குது. எனக்கு என்னமோ பசிக்குது. எதை வைத்தாலும் அவன் குரலில் அழகாகப் பொருந்துகிறது. நம் தெருவில் என்னைவிடக் கெட்டிக்காரனாகக் கதை கட்டுகிறவன் கிடையாது, இதில் மட்டும் நீ பாதியைத் தள்ள வேண்டாம். ஆனாலும் அந்த மூன்று சொல்லுக்குப் பிறகு நான் எதையும் சேர்க்கவில்லை, அக்கா.