நாலாம் குழாயின் ஈரம்

நாள் 40. காலை 8:10. தாள் சூடு 45, அறை ஈரம் 40.
அச்சு அறைப் பதிவேடு. எழுதுபவள் பொன்சுந்தரி. சிவகாசியில் பதினோரு வருடம் பேனர் அடித்தவள், இப்போது நிலவில் அதே வேலையைப் பார்க்கிறேன். ஐந்தடி அகல மெஷின், வெள்ளி மை. இங்கே தாளில் அச்சாவது மாப்பிள்ளை முகமல்ல, மின்சாரம் ஓடினால் சூடாகும் கோடுகள். எரிபொருள் தொட்டி உறைந்துபோகாமல் இந்தத் தாளைத்தான் சுற்றி ஒட்டுகிறோம். நிலையத்தில் இரண்டே பேர். குழாய், கம்பி, கதவெல்லாம் சேசடிமை அண்ணன் பொறுப்பு. தூத்துக்குடிக்காரர். இன்று கிடங்கை ஒழுங்குபடுத்தப் போகிறார். என் காதுக்குக் கொஞ்சம் ஓய்வு.

நாள் 41. மாலை 4:30.
காலையில் நிலம் குலுங்கியது. கிடங்கின் கூரை சரிந்தது. கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. உள்ளே காற்று பூஜ்யம் என்று மீட்டர் காட்டுகிறது. அண்ணன் உள்ளே இருந்தார். கத்தினேன், தட்டினேன், இரும்புக் கம்பியால் நெம்பினேன். கை வீங்கியதுதான் மிச்சம். காற்றில்லாத அறையை இந்தக் கதவு திறக்க விடாது.

பூமியின் தரை நிலையத்திலிருந்து பர்வீன் பேசினாள். "அக்கா, அண்ணன் போயிட்டாருன்னுதான் இங்க முடிவு பண்ணியிருக்காங்க."

அழுதேன். யார் படித்தாலும் படிக்கட்டும்.

நாள் 42. காலை 9:00. சூடு 45, ஈரம் 63.
குலுக்கலில் தொட்டியின் தாள்களும் கிழிந்துவிட்டன. ஆறு புதுத் தாள் வேண்டும். நான் அச்சடித்துக் கொடுத்தால் வெளியே இயந்திரக் கை ஒட்டிவிடும். நாள் 47இல் சூரியன் மறையும். பிறகு பதினான்கு நாள் இருட்டு. அதற்குள் தாள் ஏறாவிட்டால் தொட்டி உறையும், நான் வீடு போக முடியாது.

ஒரு தாளுக்கு ஏழு மணி நேரம். முதல் தாள் குப்பைக்குப் போனது. மை காயவில்லை, விரலில் ஒட்டுகிறது. சூட்டை 52க்கு ஏற்றினேன்.

நாள் 42. மாலை 6:15. சூடு 52, ஈரம் 66.
இரண்டாம் தாள் அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு, மேலே ஓடும் மை தெளிக்கிற ஹெட்டில் உரசியது. சூட்டைக் குறைத்தால் மை ஈரமாக நிற்கிறது, கூட்டினால் தாள் எழும்புகிறது. இரண்டு பக்கமும் இடி. ஹெட்டைத் துடைத்தேன். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் இருந்ததையெல்லாம் மெஷினுக்குள் போட்டேன். ஐப்பசி மழையில் எங்கள் கடை முதலாளி மெஷினுக்கு அடியில் குண்டு பல்பு கட்டித் தொங்கவிடுவார். அதையும் செய்தாயிற்று.

நாள் 43. காலை 10:40. சூடு 48, ஈரம் 71.
மூன்றாவதும் வீண். ஒருத்தி மட்டும் மூச்சுவிடும் நிலையத்தில் எழுபத்தொன்று! தண்ணீர்த் தொட்டி ஒழுகவில்லை. காற்று உலர்த்தி ஓடுகிறது. மற்ற அறைகளிலெல்லாம் நாற்பதுக்குக் கீழே. மெஷின் பக்கம்தான் இந்தக் கொடுமை. எனக்கு எரிச்சலாக வருகிறது. பயமாகவும் இருக்கிறது. அண்ணன் இருந்தால் பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பார்.

நாள் 44. காலை 10:30. ஈரம் 72.
பிடித்துவிட்டேன் திருடனை. மெஷினுக்குப் பின்னால் சுவரில் கம்பி போகும் குழாய்கள் நாலு. நாலாவதன் வாய் திறந்து கிடக்கிறது. கை வைத்தால் வெதுவெதுப்பு, ஈரம். மெஷின் விசிறி அதை நேராக இழுத்துத் தாள் மேல் விட்டிருக்கிறது. பஞ்சை அடைத்து, அலுமினிய டேப்பை மூன்று சுற்று ஒட்டினேன். காற்றுகூடப் புகாது.

நாள் 44. மாலை 7:00. சூடு 45, ஈரம் 38.
முதல் நல்ல தாள். கோடு ஒன்றுகூட உடையவில்லை. நாலாம் குழாயை அடைத்தேன், சரியாகிவிட்டது என்று தரைக்குச் சொல்லிவிட்டேன். மூன்று நாளில் இன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன். வீட்டுக்குப் போகப் போகிறேன்.

நாள் 45. காலை 8:20. ஈரம் 38.
இரண்டு தாள் முடிந்தது. மூன்றாவது ஓடுகிறது. பர்வீனிடமிருந்து வந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"அக்கா, வரைபடத்துல பார்த்தேன். நாலாம் குழாய் கிடங்குக்குப் போகுது. அங்க காத்தே இல்லேன்னா உங்க ரூம் காத்தைத்தானே அது உறிஞ்சியிருக்கணும்? அங்கேருந்து ஈரம் எப்படிக்கா வரும்? மீட்டர் ஒயர் அறுந்திருக்குன்னு நினைக்கிறோம். கூரை விழுந்தது போக ஏதோ மூலையில இடம் மிஞ்சியிருக்கு. அண்ணன் அதுல மயங்கிக் கிடந்து, இந்தக் குழாய் வழியாத்தான் மூச்சு விட்டிருக்காரு. குழாயத் திறங்கக்கா."

நான் அடைத்து இருபத்திரண்டு மணி நேரம் ஆகிறது.

8:35.
டேப்பைக் கிழித்தேன். நகம் பெயர்ந்துவிட்டது. குழாயில் வாய் வைத்துக் கூப்பிட்டேன். கை வைத்தேன். சில்லென்று இருக்கிறது. கதவுப் பூட்டைத் தரையிலிருந்து விடுவிக்க நாற்பது நிமிடம் ஆகுமாம்.

எனக்குத் தாள் தெரியும், மை தெரியும். காற்று தெரியாது. ஒரு மனிதர் மூன்று நாள் மூச்சுவிட்டதை மெஷின் கோளாறு என்று எழுதி வைத்திருக்கிறேன். மேலே படித்துப் பாருங்கள். எத்தனை சதவீதம் என்றுகூட எழுதியிருக்கிறேன்.

8:50. ஈரம் 38.
மெஷினைப் பாதியில் நிறுத்தினேன். மூன்றாவது தாளைக் காயும் முன்பே வெட்டிக் குழாய் வாயில் தொங்கவிட்டிருக்கிறேன். ஒரு சொட்டு ஈரம் வந்தாலும் மீட்டருக்கு முன்னால் தாளுக்குத் தெரிந்துவிடும். ஓரம் சுருளும். மை ஒட்டும். கெட்டுப்போ, கெட்டுப்போ என்று அதைக் கெஞ்சிக்கொண்டு நிற்கிறேன். வீடு போகாவிட்டாலும் பரவாயில்லை.

9:02. ஈரம் 38.
அண்ணே, ஒரே ஒரு மூச்சு.

9:09. 38.
ஓரம் சுருளவில்லை.

9:14.
விரலால் தேய்த்தேன். மை காய்ந்துவிட்டது.