நீலமடு சுழியோடல் நிலையத்தின் மேலதிகக் கட்டணமும் என் மகள்மீது சுமத்தப்பட்ட பழியும்

அனுப்புநர்:
திருமதி அன்னப்பூரணி இராசதுரை,
வாவிக்கரை வீதி,
ஆரையம்பதி,
மட்டக்களப்பு.

பெறுநர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம்,
செங்கலடி.

விடயம்: கரடியனாறு நீலமடு நன்னீர்ச் சுழியோடல் நிலையத்தில் செவிப்புலனற்ற என் மகளிடம் காரணமின்றிக் கட்டணம் அறவிட்டமை, 15.04.2025 அன்று நிகழ்ந்த விபத்துக்கான பழியை அவள்மீது சுமத்தியமை ஆகியன குறித்து விசாரணை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஆரையம்பதியில் ஓர் உப தபாலகத்தில் பணிபுரிகிறேன். மற்றவர்களின் முறைப்பாடுகளைத் தராசில் நிறுத்து, முத்திரை குத்தி, பதிவுத் தபாலில் அனுப்பிவைப்பது என் அன்றாட வேலை. என் பெயரில் ஒன்று போவது இதுவே முதல் தடவை. எழுதாமல் விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். நீலமடு நம் பகுதிக்குக் கிடைத்த நல்லதோர் இடம் என்பதை நான் இப்போதும் மறுக்கவில்லை. அப்படிப்பட்ட இடத்தைப் பற்றி இப்படியொரு மனு எழுத நேர்ந்ததே என்ற வருத்தத்துடன்தான் இதைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன்.

2. நீலமடு என்பது முன்பு கருங்கல் உடைத்த குழி என்பது தாங்கள் அறிந்ததே. வேலை நின்றபின் ஊற்றும் மழையும் நிரப்பிய அந்த நன்னீரில், மூச்சுக்காற்றுக் கலன்களை முதுகில் கட்டிக்கொண்டு ஆழத்துக்கு இறங்கப் பழக்குகிறார்கள். காணி அரசுக்குரியது. தங்கள் செயலகம் ஆண்டுதோறும் வழங்கும் அனுமதியின் பேரில் அந்த நிலையம் நடக்கிறது. ஆகவேதான் தங்களிடம் வருகிறேன்.

3. எங்களுக்கு ஒரே பிள்ளை. பெயர் கஜானி, வயது இருபத்துமூன்று. பிறவியிலேயே காது கேளாது. காத்தான்குடியில் நிஸ்றா என்பவரின் தையற்கடையில் வேலை செய்கிறாள். சென்ற ஆண்டு விடுமுறையொன்றில் நிஸ்றா தன் குடும்பத்துடன் நீலமடுவைப் பார்க்கப் போனபோது கஜானியையும் கூட்டிச் சென்றார். தண்ணீருக்குள் இறங்குமுன் அங்கே எல்லோரும் கையால் பேசிப் பழகுவதை அவள் கண்டிருக்கிறாள். மேலே போவோம், நில், மூச்சு வாங்க முடியவில்லை, நான் நலம் என்று அனைத்துக்கும் அவர்களிடம் சைகை உண்டு. அன்று வீட்டுக்கு வந்தவள் சாப்பிடக்கூட உட்காரவில்லை. அந்தத் தண்ணீருக்குள் போனால் எல்லோரும் என்னைப்போலத்தான் என்று எங்கள் இருவருக்கும் திரும்பத் திரும்பச் சைகையில் சொன்னாள்.

4. என் கணவர் இராசதுரை வாவியில் தோணியோட்டி மீன்பிடிப்பவர். அவருக்கு இதில் விருப்பமில்லை. "கூப்பிட்டா கேக்காத புள்ளய வாவித் தண்ணிக்கயே நான் விட்டதில்ல. கல்லுக் குழிக்க விடச் சொல்றியா?" என்று என்னிடம் கேட்டார். பிறகு அவரே அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கரடியனாறுக்குப் போனார். போய்வந்ததும், "தண்ணிக்குள்ள யாரும் யாரையும் கூப்பிடேலாதாம், அன்னம். கண்தான் வேணுமாம்," என்றார். அதற்குமேல் அவர் தடை சொல்லவில்லை. காது வைத்தியர் ஒருவர் பரிசோதித்து, அவள் சுழியோடுவதற்குத் தடையில்லை என்று எழுதித் தந்தார். நிலையமும் அந்தச் சான்றிதழை ஏற்றுக்கொண்டு அவளைப் பயிற்சியில் சேர்த்தது. அறிவிப்புப் பலகையில் இருந்த கட்டணத்தை அவள் தன் தையற் சம்பளத்திலிருந்தே கட்டினாள்.

5. பயிற்றுநர் திரு. வினோஜனைப் பற்றி நான் நன்றியுடன் எழுதவேண்டும். அவர் இளைஞர், பொறுமைசாலி. அவர் கஜானிக்குச் சுழியோடிகளின் சைகைகளைச் சொல்லிக்கொடுத்தார். அவளிடமிருந்து அவளுடைய மொழியைக் கற்றுக்கொண்டார். பெருவிரலை உயர்த்தினால் நாங்கள் "நல்லது" என்போம். சுழியோடிகளுக்கு அது "மேலே போவோம்". முதல் நாள் தண்ணீருக்கு அடியில், தான் நன்றாக இருப்பதாகக் காட்டக் கஜானி பெருவிரலை உயர்த்த, அவர் அவளை மேலே கொண்டுவர, இருவரும் கரையில் இருந்து வெகுநேரம் சிரித்தார்களாம். அந்த மாதங்களில் இருந்ததுபோல் என் மகளை அதற்குமுன் நான் கண்டதில்லை. கடையில் வாடிக்கையாளர்கள் அவளிடம் சொல்லவேண்டியதை நிஸ்றாவிடம்தான் சொல்வார்கள். நீலமடுவில் அவளிடமே சொன்னார்கள்.

6. பயிற்சியின் இரண்டாம் கட்டம் தொடங்கவிருந்தபோது முகாமையாளர் திரு. உதயரூபன் எங்களை அலுவலகத்துக்கு அழைத்தார். கஜானிக்கு "விசேட கவனிப்புக் கட்டணம்" செலுத்தவேண்டும் என்றார். பலகையில் அப்படியொன்று இல்லையே என்று நான் கேட்டபோது, "காது கேக்காத ஆளுக்கு எங்கட ஆக்கள் ரெண்டு கண் கூடுதலா வைக்க வேணும்தானே, அக்கா," என்றார். கட்டினோம். மற்றப் பயிற்சியாளர்கள் கட்டிய தொகைக்கு ஏறக்குறைய இரு மடங்கு எங்களுக்கு வந்தது. பற்றுச்சீட்டில் "இதர" என்று மட்டும் எழுதித் தந்தார்கள். அதன்பின் அவளைக் கவனிக்கக் கூடுதலாக ஒருவரும் நியமிக்கப்படவில்லை. தண்ணீருக்குள் யாருடைய காதாலும் யாருக்கும் பயனில்லை என்பதை அந்த நிலையமே கற்றுத்தருகிறது. அப்படியிருக்க, எதற்காக இந்தக் கட்டணம்?

7. இதனுடன் இன்னொன்றையும் சொல்லவேண்டும். பெண்கள் உடைமாற்றும் அறைக்கென்று தனிக் கட்டணம் வாங்குகிறார்கள். அந்த அறைக்குக் கதவு கிடையாது. ஒரு துணியைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். நிஸ்றாவும் அவருடன் வந்த பெண்களும் கட்டணத்தைக் கட்டிவிட்டுத் தாங்கள் வந்த வான் வண்டிக்குள் இருந்தே உடை மாற்றினார்கள். அதைக் கேட்டதற்கு, "உங்களுக்கு மட்டும் அரண்மனை கட்டேலுமா?" என்று அலுவலகத்தில் இருந்தவர் சொன்னதாக நிஸ்றா என்னிடம் வருந்தினார். அவர் அதன்பின் அங்கு போகவில்லை.

8. இனி விபத்து நடந்த நாளைப் பற்றி எழுதுகிறேன். சித்திரை வருடப் பிறப்புக்கு மறுநாள். கரை முழுவதும் சனம். கஜானிக்கு அன்று கடைசிப் பயிற்சி இறக்கம்; அதன்பின் தேர்வு. நானும் கணவரும் அவளைப் பார்க்கப் போயிருந்தோம். ஒரு பயிற்றுநருடன் நான்கு பேருக்குமேல் இறங்கக்கூடாது என்று நிலையத்தின் பலகையே சொல்கிறது. அன்று வினோஜனுடன் ஒன்பது பேரை இறக்கினார்கள். அவர் முகாமையாளரிடம் போய் ஏதோ சொல்லிவிட்டு முகம் வாடித் திரும்பியதை நான் கண்டேன். என்ன சொன்னார் என்பது பின்னர்தான் எனக்குத் தெரிந்தது.

9. அந்த ஒன்பது பேரில் கஜானியும் இருந்தாள்; அன்று மட்டும் இறங்கிப் பார்க்கக் கட்டணம் செலுத்தி வந்த, ஓட்டமாவடியைச் சேர்ந்த திரு. றிஷாட் என்பவரும் இருந்தார். அவருக்கு அது முதல் இறக்கம். முன்னால் போனவர்களின் கால்கள் அடிச் சேற்றைக் கிளப்பிவிட்டன. கலங்கலில் யாரோ ஒருவரின் கால் அவர் முகத்தில் பட்டு, வாயிலிருந்த காற்றுக்குழாய் கழன்றுவிட்டது. வினோஜன் முன்னால், மற்றவர்களின் பக்கம் திரும்பியிருந்தார். கடைசியாக வந்துகொண்டிருந்த கஜானி அதைக் கண்டாள். அவசரத்துக்கென்று தன் கலனில் இருந்த இரண்டாவது காற்றுக்குழாயை அவர் வாய்க்குள் வைத்து, அவர் பதறி ஒரேயடியாக மேலே பாய்ந்து ஆபத்துக்குள்ளாகிவிடாதபடி தோள்பட்டியைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார், மெதுவாக மூச்சு விடு என்று கையால் காட்டிக் காட்டியே அவரை மேலே கொண்டுவந்திருக்கிறாள். இதை எனக்குச் சொன்னவர் றிஷாட்தான். நான் கரையிலிருந்து கண்டதெல்லாம், இரண்டு தலைகள் தண்ணீருக்குமேல் வந்ததும், அவற்றில் ஒன்று என் பிள்ளையுடையது என்பதும் மட்டுமே.

10. றிஷாட்டைக் கரையில் கிடத்தினார்கள். தண்ணீரைக் கக்கினார், பேச முடியவில்லை. அவருடைய ஆட்கள் கூச்சலிடத் தொடங்கினார்கள். அப்போது முகாமையாளர் வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "இந்தச் செவிட்டுப் புள்ளதான் பயத்தில அவரப் புடிச்சு இழுத்திருக்கு. நாங்க பாவம் பாத்துச் சேர்த்தது எங்கட பிழை," என்றார். கேளாவிட்டாலும், கஜானி உதடுகளை வாசிப்பவள். அவர் அவளுக்கு நேர் எதிரே நின்றுதான் சொன்னார். அவள் வினோஜனைப் பார்த்தாள். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் கணவர் முன்னால் போக, கஜானி அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, முதுகிலிருந்த கலனைத் தானே கழற்றி வைத்தாள். சனம் வழிவிட்டது. மோட்டார் சைக்கிள் நின்ற இடம்வரைக்கும் அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

11. அன்றே அவளுடைய பயிற்சி நிறுத்தப்பட்டது. தேர்வு எழுத முடியாது என்றார்கள். சுகமானபின் தன் உடைமைகளை எடுக்கப் போன றிஷாட்டிடம் "மீட்புக் கட்டணம்" என்று ஒரு தொகை அறவிட்டிருக்கிறார்கள். தன்னை மீட்டது யார் என்று அவர் கேட்டிருக்கிறார். எங்கள் பணியாளர்கள் என்று சொல்லியிருக்கிறார்கள்.

12. அடுத்த வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்தபின், றிஷாட் தன் தாயார் ஆயிஷா உம்மாவுடன் எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்த அம்மா கஜானியின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார். "அல்லாஹ் இந்தப் புள்ளட கையாலதான் என்ட மகன எனக்குத் திருப்பித் தந்தான்," என்றார். கஜானி வழமைபோல விளக்கம் கேட்டு என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை; அவருடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடந்ததை றிஷாட் எழுத்தில் நிலையத்துக்கு அனுப்பினார். பதிலாகத் தொலைபேசியில் அழைத்து, அவருக்கு ஒரு தடவை இலவசமாக இறங்க வாய்ப்புத் தருவதாகச் சொன்னார்கள். அவருடைய கூற்றின் பிரதியை இணைத்துள்ளேன்.

13. சில நாட்களின் பின் வினோஜனும் வந்தார். படலைக்கு வெளியே நின்றார். நான் கூப்பிட்டபிறகே உள்ளே வந்தார். ஒன்பது பேரைக் கூட்டிக்கொண்டு இறங்கமாட்டேன் என்று தான் அன்று சொன்னதையும், "ஏலாட்டி வீட்ட போ" என்று முகாமையாளர் பதில் சொன்னதையும் கூறினார். "நான் அண்டைக்கு வாயத் திறந்திருக்க வேணும், அம்மா. பயந்திட்டன்," என்றார். கஜானி அவருக்குத் தேநீர் மட்டும் கொடுத்தாள். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. ஆனால் அவருடைய சம்பளத்தை நம்பி வீட்டில் இருப்பவர்களையும் நான் அறிவேன். இந்த மனுவில் அவர் பெயரை எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "எழுதுங்க. விசாரணைக்குக் கூப்பிட்டா வாறன்," என்றார்.

14. மே மாதத் தொடக்கத்தில் திரு. உதயரூபன் ஆளனுப்பினார். எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை என்று கையொப்பமிட்டுத் தந்தால் கட்டிய பணம் முழுவதையும் திருப்பித் தருவதாகச் சொன்னார். எங்கள் வீட்டு நிலைமைக்கு அது சிறிய தொகை அல்ல. முடிவைக் கஜானியிடம் விட்டோம். அவள் வேண்டாம் என்றாள். அந்தக் கரையில் அத்தனை பேருக்கு முன்னால் சொன்னதை அவர் மாற்றிச் சொல்லட்டும், பணத்தைப் பற்றி அதன்பின் பேசலாம் என்றாள். அவள் இப்போது கடைக்குப் போகிறாள், வருகிறாள். நீலமடுவைப் பற்றி எங்களிடம் ஒன்றும் பேசுவதில்லை. கணவர் ஒருநாள், மறுபடி போய்ப் பார்ப்போமா என்று கேட்டபோது, மாட்டேன் என்று தலையை மட்டும் அசைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எங்கள் இருவருக்கும் அதுதான் பெரிய துக்கம்.

15. ஆகவே, தங்களிடம் நான் பணிவுடன் கேட்பவை:

அன்றைய விபத்தைப் பற்றித் தாங்கள் நேரடியாக விசாரிக்க வேண்டும். என் மகள்மீது தவறில்லை என்று தெரியவந்தால், நிலையம் அதைப் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும். அவள் தேர்வை முடிக்க, அந்த நிலையத்தைச் சாராத ஒருவரின் மேற்பார்வையில் இடமளிக்க வேண்டும்.

உடற்குறையைக் காரணம் காட்டி எவரிடமும் மேலதிகக் கட்டணம் அறவிடக்கூடாது. எல்லாக் கட்டணங்களும் முன்கூட்டியே தமிழில் எழுதி வைக்கப்பட வேண்டும். றிஷாட்டிடம் வாங்கிய தொகையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஒரு பயிற்றுநருடன் இறங்குவோரின் எண்ணிக்கையை அவர்களுடைய பலகையில் உள்ளபடியே கடைப்பிடிக்கச் செய்ய வேண்டும். பெண்களின் அறைக்கு ஒரு கதவு போடச் சொல்லுங்கள்.

உண்மையைச் சொல்வதற்காக வினோஜனின் வேலைக்குப் பங்கம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிலையத்தை மூடும்படி நான் கேட்கவில்லை. அங்கே சமையலிலும் காவலிலும் வேலைசெய்யும் கரடியனாற்றுக் குடும்பங்கள் இதில் ஒரு பிழையும் செய்யவில்லை.

16. கடைசியாக ஒன்று. விசாரணைக்கு அழைக்கும்போது சைகைமொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஒழுங்கு செய்து தருமாறு மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அவளுக்குப் பதிலாக நானே பேசுவேன் என்றுதான் இந்த மனுவில் முதலில் எழுதியிருந்தேன். இந்த மனுவை வாசித்துவிட்டு, மற்றதெல்லாம் சரி, அதை மட்டும் வெட்டிவிடும்படி கஜானி சொன்னாள். தண்ணீருக்குள் என்ன நடந்தது என்று தனக்குத்தான் தெரியும், தானே சொல்வேன் என்றாள். நான் வெளியே வாங்கில் உட்கார்ந்திருப்பேன், ஐயா. தாங்கள் தயவுசெய்து அவளைப் பார்த்துக் கேளுங்கள்.

தங்கள் நீதியான நடவடிக்கையை எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்)
அன்னப்பூரணி இராசதுரை

இடம்: ஆரையம்பதி
திகதி: 19.05.2025

இணைப்புகள்: கட்டணப் பற்றுச்சீட்டுகளின் பிரதிகள், காது வைத்தியரின் சான்றிதழ், திரு. றிஷாட்டின் கூற்று.