உமிச்சாம்பல் பொங்காது

செங்கல்பட்டு
வெள்ளிக்கிழமை மாலை

என் அலீனாவுக்கு, சாராள் எழுதுவது.

நீயும் உன் வீட்டுக்காரரும் நலமாக இருக்க ஜெபிக்கிறேன். போன ஞாயிறு உன் அம்மாவைப் பார்த்தேன். முழங்கால் வலி தேவலை. மலேசியாவில் ஓயாத மழை என்றார்கள். போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

நம் ரப்பர் கம்பெனியில் அக்கிரமம் நடக்கிறது. ரப்பரில் கலக்கும் கார்பன் பிளாக் கரித்தூள் வேண்டாம், துப்பினால் எச்சில்கூடக் கறுப்பாக வருகிறது என்று நீயும் நானும்தானே மதுராந்தகம் அரிசி மில்லில் உமி மூட்டை வாங்கி வந்தோம்? உமியை வெளுக்க எரித்து, சாம்பலைச் சலித்து, ரப்பரில் கலந்து பார்த்தோம். பதினாறு முறை விரிசல் விட்டது. பதினேழாவது முறை இழுத்த இழுப்புக்குத் தாங்கியது. அன்று நீ அழுதாய்.

நீ பிப்ரவரியில் மலேசியாவுக்குக் கிளம்பினாய். அடுத்த மாதமே மேனேஜர் கேசவன் அதை நிறுத்திவிட்டார். உமி எரிக்க நேரமாகிறதாம். பதிலுக்குச் சுண்ணாம்புக்கல் மாவை அள்ளிக் கொட்டி, காவிச் சாயம் சேர்த்து ரப்பர் தரை ஓடு போடுகிறார்கள். அட்டைப்பெட்டியில் மட்டும் நெற்கதிர் படம்! என்னை லேபிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றியபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

மாமல்லபுரத்தில், நடக்கச் சிரமப்படும் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு அந்த ஓடுதான் போனது. நான்கே மாதத்தில் ஓரமெல்லாம் உதிர்ந்திருக்கிறது. ஒரு சிறுமியின் ஊன்றுகோல் அந்தப் பள்ளத்தில் மாட்டி, விழுந்து கை முறிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை அந்தப் பள்ளியின் ஜெபா டீச்சர் உடைந்த ஓட்டோடு வந்து நின்றார். "எங்க பொண்ணு கைல கட்டு போட்டுகினு ஒக்காந்துகினு கீது. இதுல உமிச்சாம்பல் கீதா இல்லியா, அத்த மட்டும் சொல்லுங்க" என்றார். கேசவன் ஓட்டைச் சோதித்த லேப் ரிப்போர்ட்டை நீட்டினார். முழுக்க உமிச்சாம்பல் என்று அதில் இருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. டீச்சரை லேபுக்குக் கூட்டிப்போய் அந்த ஓட்டில் ஒரு துண்டை எரித்தேன். மிஞ்சிய சாம்பலில் ஆசிட் ஒரு சொட்டு விட்டேன். சுண்ணாம்புக்கல் இருந்ததால் சோடா மாதிரி பொங்கியது. நம் பழைய பாட்டிலில் இருந்த உமிச்சாம்பலிலும் ஒரு சொட்டு விட்டேன். அசையவே இல்லை. டீச்சர் இரண்டையும் பார்த்தார். மீதி ஓட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு, சென்னையில் சோதனைக்குக் கொடுப்பதாகச் சொல்லிப் போனார்.

கேசவன் கத்தினார்: "இன்னா சாராள், ஒரு சொட்டு ஆசிட்ட வெச்சிகினு கம்பெனிய மூடப் பாக்குறியா?" மறுநாள் வாட்ச்மேன் என்னைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார். சாம்பிளில் நானே சுண்ணாம்பைக் கலந்தேனாம்! அப்படி ஒரு மெமோ.

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அந்த ரிப்போர்ட்டின் தேதி ஜூன் பன்னிரண்டு. கீழே இருப்பது உன் கையெழுத்து. நீ ஊரிலேயே இல்லையே என்று கேட்டேன். "அவளே போட்டு மெயில்ல அனுப்பி வெச்சா. வோணும்னா கேட்டுப் பாரு" என்று சிரித்தார்.

உன் கையெழுத்தைத் திருடிப் போட்டிருப்பார்கள் என்று மூன்று நாளாக என் வீட்டில் எல்லோரிடமும் சண்டை போடுகிறேன். அது உன் கையெழுத்து இல்லை என்று டீச்சருக்கு ஒரு வரி எழுது. வேலை போனால் போகட்டும், பொய்க்காரி என்ற பெயரோடு என்னால் அந்தக் கேட்டைத் தாண்ட முடியாது. நீதான் போட்டாய் என்றால் அதையும் எழுது. எனக்கு எழுத வேண்டாம், அந்தச் சிறுமிக்கு எழுது.

உனக்கு ஏழாம் மாதம் என்று அம்மா சொன்னார்கள். நன்றாகச் சாப்பிடு, பார்த்து நட. உன் பிள்ளை ஓடியாடும் தரையை ஆண்டவன் உறுதியாக வைக்கட்டும்.

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
சாராள்