பூமணியின் பதினொரு பேரும் ஒரு பிளக்கும்

ஒக்டோபர் 14, செவ்வாய்

காலையில் வெயில். பின்னேரம் இடி. இந்த மாதம் தினமும் இப்படித்தான். என் மனைவி பூமணி இடிக்குப் பயந்து வழமைபோல வீட்டிலுள்ள எல்லாப் பிளக்கையும் கழற்றி, போனையும் ஓஃப் பண்ணி அலுமாரிக்குள் வைத்தாள்.

இதை நானே எழுதுகிறேன். பக்கத்தில் இருந்து யாரும் சொல்லித் தரவில்லை! இந்த வயதில் எழுத்து வகுப்புக்குப் போய்ப் பழகியது. 'ஞா' மட்டும் வளைய மாட்டேன் என்கிறது. மகள் பெயர் சிவதர்சினி. எழுத நீளம். இனிமேல் சி.

பூமணிக்கு முகம் சரியில்லை. முழங்கால் நோ வந்த நாளிலிருந்து டிவியோடு இணைக்கிற கேம் பெட்டியில் கிரிக்கெட் விளையாடுகிறாள். வருசக்கணக்காக வளர்த்த அணி இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. விளையாடினால் சேமிக்க இடமில்லையாம். "என்ர பொடியளை வாசல்ல மறிச்சு வைச்சிருக்கு," என்கிறாள்.

ஒக்டோபர் 15, புதன்

மழை. கடையில் வாங்கியது தேங்காய், நெத்தலி, சவர்க்காரம்.

சி. பால்கனிக்குக் கூப்பிட்டு இரகசியமாகக் கதைத்தாள். கேம் பெட்டி அவளுடைய பழையது, அவளே திறந்து உள்ளே மாற்றங்கள் செய்தது. அதன் ஹார்ட் டிஸ்க் அறை அறையாகப் பிரித்திருக்கிறதாம். கேம் அறை நிரம்பிவிட்டது. பக்கத்து அறை சும்மா கிடக்கிறது. சுவரை நகர்த்தப் போகிறாள்.

"சாமானை வெளியில எடுத்து வைச்சிட்டு நகர்த்தலாமே?"

"எடுத்துப் பாத்தன் அப்பா. அம்மாவின்ர டீமை மட்டும் கொப்பி எடுக்க விடுதில்லை. ஆக்கள் உள்ளுக்க இருக்கேக்கதான் சுவரைத் தள்ள வேணும்."

"இடையில நிண்டா?"

"டீம் போச்சு. பிளக்கை ஆரும் கழட்டாட்டில் போதும். அம்மாவுக்குச் சொல்லிப் போடாதேங்கோ, விட மாட்டா."

பிளக்குக்கு நான் பொறுப்பு என்றேன்.

ஒக்டோபர் 16, வியாழன்

காலை. டிவியில் பச்சைக் கோடு, நகமளவு. அது முழுக்க நிரம்பப் பின்னேரம் ஆகும். சி. வேலைக்குப் போய்விட்டாள்.

"என்னத்துக்கு இது சும்மா எரியுது?" பூமணி.

"அப்டேட்டாம்."

இன்று வகுப்பில் சொல்வதெழுதல். விட மனமில்லை. அட்டையில் பெரிதாக எழுதிப் பிளக்குக்கு மேல் ஒட்டினேன். 'கழற்ற வேண்டாம். செல்லத்துரை.' ற்ற சரியாக வந்தது, என் பேரும். எட்ட நின்று பார்த்தேன். என்ன வடிவு! என் எழுத்து வீட்டில் காவல் நிற்கிறது.

பின்னேரம். வீடு வந்து எழுதுகிறேன்.

வகுப்பு வெள்ளவத்தையில். வீடு இருக்கிற கொட்டாஞ்சேனையில் என்றால் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள் என்று அவ்வளவு தூரத்தில் சேர்ந்தது. சொல்வதெழுதல் பாதியில் இடித்தது. பக்கத்து வாங்கில் இருந்த அம்மா சிரித்தா. "கதவில என்ர பேரை எழுதி ஒட்டினன். என்ர மனுசன் இதென்ன படமெண்டு கேக்கிறார். அவருக்கு எங்க வாசிக்கத் தெரியும்!"

பேனையை வைத்துவிட்டு எழுந்தேன். பூமணிக்கும் வாசிக்கத் தெரியாது. இத்தனை காலம் இரண்டு பேரும் சேர்ந்துதான் தெரியாமல் இருந்தோம். நான் எப்படி மறந்தேன்?

பூமணிக்குப் போன் எடுத்தேன். ஓஃப். அலுமாரிக்குள் இருக்கும். சி.யும் எடுக்கவில்லை. த்ரீவீல் பிடித்தேன். கொள்ளுப்பிட்டியில் ஒரு வாகனமும் அசையவில்லை. "மல்லி, இக்மனட்ட!" "வெஸ்ஸட்ட கியன்ன சீயா." சீக்கிரம் போ என்று சிங்களத்தில் கேட்டதற்கு, மழையிடம் போய்ச் சொல்லட்டாம்.

மாடிப்படி. மூச்சில்லை. கதவு. ஃபிரிட்ஜ், கழற்றியிருக்கு. ஃபான், கழற்றியிருக்கு. டிவி, கழற்றியிருக்கு.

கேம் பெட்டியின் விளக்கு எரிகிறது.

பூமணி கதிரையில், காதைப் பொத்திக்கொண்டு.

"இதை மட்டும் ஏன் கழட்டேல்லை?" என்றேன்.

"பிள்ளையார் சுழி போட்டெல்லோ ஒட்டியிருக்கிறியள். எப்பிடிக் கை வைக்கிறது? எந்தக் கோயில்ல குடுத்தவை?"

பேனை எடுத்தால் என் கை தானாக உ போட்டுவிட்டுத்தான் தொடங்கும். அந்த ஒன்று அவளுக்கும் தெரியும்.

"சுழிக்குக் கீழ என்ன மந்திரம்?"

பொய் வரவில்லை. விரல் வைத்து வாசித்தேன். பிறகு வகுப்பு, சுவர், எல்லாவற்றையும் சொன்னேன்.

"என்ர பொடியளை உள்ளுக்க வைச்சுக்கொண்டோ சுவரை இடிக்கிறியள்? நல்லா இருப்பியள், அப்பனும் மகளும்!"

திரும்ப இடித்தது. எழுந்து போய்ப் பிளக்குக்கு முன்னால் நின்றாள். ஒவ்வொரு இடிக்கும் கண்ணை மூடினாள். அசையவில்லை.

மழை விட்டதும் டிவியின் பிளக்கைத் திரும்பச் செருகிப் பார்த்தோம். கோடு முக்காலுக்கு மேல்.

ஒக்டோபர் 17, வெள்ளி

மழை இல்லை. கோடு நேற்றுப் பொழுதுபடவே நிரம்பிவிட்டது. பூமணி திறக்க விடவில்லை. விடிந்தால் வெள்ளி, முழுகிவிட்டுத் திறக்கலாமாம்.

சி. பெட்டியின் பட்டனை அழுத்தினாள். கறுப்பு. திரை இன்னும் கறுப்பு. பூமணி சி.யின் கையைப் பிடித்தாள். என்னுடையதை அல்ல.

அணியின் முகங்கள் வந்தன. விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். பதினொன்று.

உடனே இறுதி ஆட்டம். கடைசி ஓவரில் வென்றாள். பெட்டி ஒரு மறுப்பும் சொல்லாமல் சேமித்தது. சி. கை தட்டினாள். நானும் தட்டினேன். பூமணி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேற்றிலிருந்து என்னோடு கதை இல்லை.

இப்போது பிளேன்டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாள். சீனி போடவில்லை. குடிக்கிறேன்.