பூட்டை இழுத்துப் பார்க்கும் கிழவன்

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தால் அதுவே எங்களுக்குப் போதும். இந்த உறையை இரண்டு தரம் ஒட்டியிருக்கிறேன், தபால்காரர் இப்போதெல்லாம் என்னைப் பார்த்து ஒரு தினுசாகச் சிரிக்கிறார், பிரித்துப் படிக்கிறாரோ என்னவோ. உன் அண்ணன் புது வேலைக்கு மாறியிருக்கிறான், நல்ல வேலை என்கிறான், அதை ஏன் தரையைப் பார்த்துக்கொண்டே சொல்கிறான் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் ஒரு கல்யாணம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு உன் நாடகத்துக்குத்தான் வந்தேன். கோபித்துக்கொள்ளாதே. போனில் கேட்கும்போதெல்லாம் பெரிய வேஷம்ப்பா, பெரிய வேஷம்ப்பா என்றாயே தவிர, என்ன வேஷம் என்று ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. மேடையைப் பெருக்க விட்டிருக்கிறார்களோ, டீ வாங்க அனுப்புகிறார்களோ, யார் கண்டது? வாசலில் டிக்கெட் கிழித்தவரிடம் உன்னைப் பற்றிக் கேட்டேன், அந்தப் பொண்ணு இல்லாம நாடகமே இல்லையே சார் என்றார். இவ்வளவு பெரிதாகச் சொல்கிறாரே, ஏதோ மறைக்கிறார் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். மேடைக்கு வந்ததே நாலு பேர். மகளாக வந்தவள் நீ இல்லை, பக்கத்து வீட்டுக்காரியும் நீ இல்லை, மீதி ஒரு கடைக்காரனும் தாடி வைத்த ஒரு கிழவனும். அந்தக் கிழவன் சரியான சந்தேகப் பிராணி. பூட்டை இழுத்துப் பார்க்கிறான், தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து மறுபடி இழுக்கிறான், கடைக்காரன் கொடுத்த பொட்டலத்தைக் கையில் தூக்கித் தூக்கி எடை பார்க்கிறான். இப்படியும் ஒரு ஜென்மமா என்று பக்கத்து சீட்காரரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். திரை விழுந்ததும், பொய் சொல்லிவிட்டாளே என்ற ஆத்திரத்தில் கைதட்டக்கூட நிற்காமல் பஸ் பிடித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கிழவன் பூட்டை இழுத்ததை நம் வாசல் கதவிலேயே செய்து காட்டினேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஐயோ, அது நீங்கதானேங்க, உங்க பொண்ணைத் தவிர வேற யாருக்கு இது வரும் என்றாள். பூட்டைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. தாடிக்குள் இருந்தது நீயா? நாலே பேர் உள்ள குழுவில் ஒரு பெண் கிழவனாகவும் வருவாள் என்று எனக்கு ஏனம்மா தோன்றவில்லை? அத்தனை பேரும் உன் அப்பனைப் பார்த்துச் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். முதலில் கோபம்தான் வந்தது, மறைப்பானேன்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். கடைசியில் மகள் ஊரைவிட்டுப் போனதும் கிழவன் கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, அப்புறம் மெல்லத் திறந்து, சும்மா சாத்தி வைத்துவிட்டுப் போய்ப் படுக்கிறானே, அப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்குக்கூடக் கண்ணில் தூசி விழுந்துவிட்டது. நீ போன நாளிலிருந்து நான் அப்படிச் செய்வது உனக்கு எப்படித் தெரியும்? அம்மாவைக் கேட்டால் சத்தியமாக நான் சொல்லவில்லை என்கிறாள், நம்புவதா வேண்டாமா தெரியவில்லை. யாரும் சொல்லாமலே செய்தாய் என்றால் நீ பெரிய நடிகைதான், இனி பெருக்கும் பேச்சை எடுக்க மாட்டேன்.

தாடி ஒட்டும் பசை முகத்துக்கு ஆகாது, எண்ணெய் தடவிக் கழுவு. எந்த வேஷம் கட்டினாலும் அது உனக்குப் பேர் வாங்கித் தரட்டும், நன்றாக இரு கண்ணே. ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். எந்த நேரத்தில் வந்தாலும் தட்டாதே, தள்ளினாலே கதவு திறக்கும்.

இப்படிக்கு,
தாடி இல்லாத உன் அப்பா