செல்லம்மாவின் மேல் இரண்டு பூச்சு

6 பிப். 1956, திங்கள்
காலையில் பனி. முழங்கை வலி. வெள்ளிக்கிழமை மகள் அஞ்சலைக்குக் கல்யாணம், இதே கருக்களாச்சேரியில். மாப்பிள்ளை முத்து மனைவியை இழந்து மூன்று வருடம். அவர் படகின் முன்பக்கத்தில் இன்னும் அவள் பெயர், நீல எழுத்தில்: செல்லம்மா. அதைப் பார்த்துக்கொண்டா என் மகள் குடித்தனம் நடத்த வேண்டும்? பூசி மறைக்கட்டுமா என்று கேட்டேன்.

"உங்க இஷ்டம் மாமா" என்றார், கடலைப் பார்த்துக்கொண்டு.

பூசியாயிற்று. துத்தநாக வெள்ளை ஒரு பங்கு, சீமைச்சுண்ணாம்புத் தூள் மூன்று, ஆளிவிதை எண்ணெய். கலவை என் சொந்த மூளை. வெள்ளையோடு வெள்ளை சேர்ந்தால் வெள்ளைதானே.

7, செவ்வாய்
செல்லம்மா தெரிகிறாள். பனிக்குள் நிற்பவள் மாதிரி. அதே கலவையில் இரண்டாம் பூச்சு. பந்தலுக்குக் கீற்று வரவில்லை. இடுப்பு விட்டுப்போயிற்று.

8, புதன்
இன்னும் தெரிகிறாள். என் வீட்டுக்காரி பாக்கியம்: "ஊரு சுவத்தையெல்லாம் வெளுக்கிறீங்க. ஒரு பேரை மறைக்க முடியல."

கடலுக்குப் போய் வாந்தி எடுத்தே பேர் வாங்கியவன், அதனால்தான் சுவருக்கு வெள்ளையடிக்கப் போனேன். படகு இன்னும் என்னை விடவில்லை.

மத்தியானம் காரைக்கால். வாங்க வேண்டியது: வெற்றிலை, கற்பூரம், அவமானம். மூன்றும் கிடைத்தது. பெயிண்ட் கடை மரைக்காயர் சிரித்தார்.

"சுவத்து வேலையை மரத்துல காட்டினீங்களாக்கும். தண்ணியில கரைச்சு அடிச்சா சுண்ணாம்பு காஞ்சு வெளுக்கும். எண்ணெயில விழுந்தா கண்ணாடி மாதிரி ஆயிடும்ண்ணே. பூச்சுக்குக் கனம் கொடுக்கும், பள்ளம் நிரப்பும், அவ்வளவுதான். மறைக்கிறது துத்தநாகம்."

நான் இருபது வருட அனுபவஸ்தன். தலையாட்டிவிட்டு வந்தேன். சுண்ணாம்பு கலக்காத வெள்ளை ஒரு டின்.

9, வியாழன்
டின்னைத் திறக்கும்போது அஞ்சலை சோறு கொண்டுவந்தாள். மங்கிய பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எதுக்குப்பா இதை மறைக்கிறீங்க?"

"உனக்காகத்தான்."

"என்னைக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. உண்மை.

"அவரு கடலுக்குப் போனா, இந்தப் படகு வருதான்னுதான் நான் கரையில நிக்கணும். இத்தனை நாளும் அந்த அக்கா பேரோடதான் பத்திரமா திரும்பியிருக்கு. இருக்கட்டும்பா. சோறு ஆறுது."

சாப்பிட்டேன். டின்னை மூடினேன். வீட்டில் கிடந்த நீலத்தை எண்ணெயில் குழைத்து, தெரிந்த எழுத்தின் மேலேயே எழுதினேன். பொழுது சாய்ந்துவிட்டது. எண்ணெய் கொஞ்சம் கூடிப்போயிற்று, வழக்கம்போல.

10, வெள்ளி
தூறல். விடியலில் மாப்பிள்ளை படகைத் தொட்டுக் கும்பிடப் போனார். பெயரைப் பார்த்தார். நெடுநேரம் கை அதன் மேலேயே. சொல்ல மறந்துவிட்டேன், நீலம் காயவில்லை.

தாலி கட்டும்போதுதான் கவனித்தேன். மஞ்சள் கயிற்றில் முடிச்சுப் பக்கம் நீலமாக ஒரு விரல் தடம். பாக்கியம் துடைக்க முந்தானையோடு பாய்ந்தாள். அஞ்சலை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.